வெங்கமேட்டுக்கு வந்த சாம்பிள்

ஹன்னா எங்க வீதிக்கு வந்தது புரட்டாசி மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழமை, பொழுது எறங்கற நேரத்துல, மோகனப்பிரியாவோட செல்போன் வழியா. பஸ்ஸுல வரல, ப்ளேன்ல வரல, யாரும் இடுப்புல தூக்கிட்டு வரல. போனுக்குள்ள இருந்து எறங்கி வந்தா, மூணரை வயசு, செம்பட்ட முடி, ஊதா கவுனு, கால்ல கோடு போட்ட சாக்ஸு. இதச் சொன்னா வெங்கமேட்டுக்குப் புதுசாக் குடி வந்தவங்க என்ற மூஞ்சிய ஒரு மாதிரி பாக்கறாங்க. பாக்கட்டும். நான் பதினெட்டு வருசமா கரூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங்ல இருக்கறவ, ஒரு மேஜை விரிப்புல ஒரே ஒரு தையல் தவறியிருந்தாலும் பத்தடி தள்ளி நின்னே சொல்லிப்போடுவேன், என்ற கண்ணு எனக்குப் பொய் சொன்னதில்ல.

மோகனா எனக்குப் பக்கத்து வீட்டு சாந்தாமணியோட ஒரே புள்ள, வயசு இருவத்திரண்டு. சாந்தாமணியும் எங்க கம்பெனிதான். அவ தெக்கறா, நான் பிசிறு வெட்டிச் செக் பண்றேன், மோகனா பேக்கிங்ல நின்னு அட்டப்பெட்டி மேல போற ஊரு பேர எழுதறா. அவங்கப்பன் தொரசாமி பஸ் பாடி கட்டற பட்டறையில பெயிண்டரு, வாயத் தெறக்க மாட்டாரு. ஜெர்மனியில பிரேமன்னு ஒரு ஊரு, பிரேமன், பிரேமன்னு நாலு வருசம் பெட்டி மேல எழுதி எழுதி, நம்ம தெச்ச துணியெல்லாம் போற ஊருக்கு நாம மட்டும் ஏன் போகக்கூடாதுன்னு அந்தப் புள்ளைக்கு ஒரு நாள் தோணிப்போச்சு. தோணுனது தோணுனதுதான், பொறவு அவ சோறு திங்கறதும் தூங்கறதும் அந்த நெனப்புலயேதான். அந்த ஊர்ல ஒரு குடும்பத்தோட ஒரு வருசம் தங்கி, அவங்க கொழந்தையப் பாத்துக்கிட்டு, அங்கயே சாப்புட்டு, பாஷையும் படிக்கலாமாமா. அதுக்குப் பேரு ஓபேர். அது முடிஞ்சா அங்கயே நர்ஸு படிப்புல சேரலாமாமா. ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி ஜெர்மன்ல மொதப் பரீட்சை பாஸாகோணும், அதையும் விட முக்கியமா ஒரு குடும்பம் இவளப் பாத்து, புடிச்சு, வான்னு சொல்லோணும்.

கோவை ரோட்டுல மொபைல் கடைக்கு மேல மாடியில கிளாசு. வேலை முடிஞ்சு அங்க போவா, வீட்டுக்கு வந்தும் ஒப்பிப்பா. “இஷ் ஹைஸெ மோகனப்பிரியா”, என்ற பேரு மோகனப்பிரியான்னு ஆரம்பிச்சு, வயசு என்ன, ஊரு எது, வீட்டுல எத்தன பேரு, என்ன சமைக்கத் தெரியும்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவ. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுரு, வார்த்தைக்கு வார்த்த அர்த்தம் தெரியாமயே எனக்கு மனப்பாடமாயிருச்சு, சாந்தாமணிக்கும் ஆயிருச்சு, வீதியில பாதிப் பேருக்கு ஆயிருச்சு. தண்ணி வண்டி வந்தா கொடத்த வெச்சுக்கிட்டு “இஷ் ஹைஸெ”ன்னு ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிக்குவோம்.

சாந்தாமணி போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. வேலை விட்டு வந்தா அவ தலையெல்லாம் பஞ்சும் நூலுமா இருக்கும். அவ கீழ உக்காந்துக்குவா, மோகனா பின்னால உக்காந்து ஒவ்வொரு நூலா எடுத்துப் போட்டுக்கிட்டே பாடத்த ஒப்பிப்பா, இது தெனமும் நடக்கறதுதான். ஒரே ஒரு தடவ மட்டும் மெஷினுக்கிட்ட நின்னு என்கிட்டக் கேட்டா: “பூங்கோதக்கா, இவ போயிட்டா என்ற தலையில நூலு யாருக்கா எடுப்பாங்க?” நான் ஒரு சீப்பு வாங்கிக்கோன்னு சொன்னேன். அது ஒரு பதிலா, இப்ப நெனச்சா எனக்கே கோவம் வருது.

அந்த ஞாயித்துக்கெழமை, இவளப் பாக்கறோம்னு சொன்ன குடும்பத்தோட ரெண்டாவது வீடியோ கால். பிரேமன் பக்கத்துல ஒரு ஊரு, காத்ரின்னு ஒரு அம்மா, அவங்க மடியில ஹன்னா. இந்தப் பக்கம் மோகனா பாய் மேல உக்காந்து, போன ஒரு சொம்புல சாய்ச்சு வெச்சு, நோட்டுல எழுதுனத வரி வரியாச் சொல்லிக்கிட்டிருந்தா. பின்னால சாந்தாமணி பணியாரம் சுட்டுக்கிட்டிருந்தா, நான் சட்னி அரைக்கப் போயிருந்தேன். பணியாரக்கல்லு மூடியத் தெறந்ததும் ஆவி குபுகுபுன்னு எந்திரிச்சுது. அது என்னன்னு பாக்க ஹன்னா முன்னால சாஞ்சா, இன்னுங் கொஞ்சம் சாஞ்சா, போன் நெறைய மூக்கு மட்டும் தெரிஞ்சுது, பொறவு நெத்தி மட்டும் தெரிஞ்சுது, பொறவு ஒரு கால் எங்க பாய் மேல ஊணியிருந்துச்சு, இன்னொரு காலையும் எடுத்து வெச்சு, மோகனாவச் சுத்திக்கிட்டு நேரா அடுப்புக்கிட்டப் போய் உக்காந்துக்கிட்டா. “சுடும் கண்ணு, தள்ளி உக்காரு”ன்னு சாந்தாமணி ஒரு பணியாரத்தப் பிட்டு ஊதிக் குடுத்தா. வேற என்னத்தச் சொல்றது?

கொழப்பம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, போனுலயும் ஹன்னா இருந்தா. அதே மடி, அதே கவுனு, கொஞ்சம் சத்தமில்லாம, அவ்வளவுதான். காத்ரின் பாட்டுக்குச் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தாங்க. மோகனாவுக்குக் கடக்கண்ணுல எல்லாம் தெரிஞ்சுது, ஆனா அவளுக்கு இன்னும் நாலு வரி பாக்கி, நடுவுல நிறுத்துனா மொத்தமும் மறந்து போகும், அதனால மூச்சு விடாம நாலு வரியையும் சொல்லி முடிச்சு, கும்புடு போட்டு, போன அணைச்சுட்டுத்தான் திரும்புனா. அதுக்குள்ள ஹன்னா மூணாவது பணியாரத்துல இருந்தா.

மொத நாள் வீதியே வந்து பாத்துச்சு. எங்க சனங்க எப்படி வந்தான்னு கேக்கல. எண்ண தேச்சு விட்டா சளி புடிக்குமா, தலையணை வேணுமா, பால்ல சக்கர போடலாமான்னு கேட்டாங்க. யாரு அனுப்புனது, எதுக்கு அனுப்புனதுங்கறதுக்கு மட்டும் பதில் இல்லாம ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தாங்க, அப்ப நான்தான் சொன்னேன், சொன்னது நான்தான், இன்னைக்கும் ஒத்துக்கறேன். “ஏனுங்க, இது தெரியலயா? இது சாம்பிளு”ன்னேன். எங்க கம்பெனியில என்ன வழக்கம்? வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பீஸ் அனுப்புவான், இதுதான் என்ற சாமான், இத நீ சரியா வெச்சுக்கறயான்னு பாக்கறேம்பான். மோகனா போயிப் பாத்துக்கப் போறது ஒரு கொழந்தைய. அந்தக் கொழந்தையில ஒரு பீஸ் முன்னாடியே வந்திருக்குது. இதுல என்ன அதிசயம்? நான் சொன்னதும் எல்லாருக்கும் நெஞ்சு லேசாயிருச்சு. கரூர்ல சாம்பிள்னா என்னன்னு பால்காரருக்கும் தெரியும்.

சாம்பிளுக்கு ஒரே சட்டம்தான், கை வைக்கக்கூடாது. தொவைக்கக்கூடாது, வெட்டக்கூடாது, மடிச்ச மடிப்புக் கூட மாத்தக்கூடாது, வந்தாப்பலயே திருப்பிக் குடுக்கோணும். அதனால மொத வாரம் ஹன்னாவ ஒரு பிளாஸ்டிக் சேர்ல துண்டு விரிச்சு உக்கார வெச்சு, ஆளுக்கு ஒரு மணி நேரம் மொறை போட்டு, கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தோம். அவ உக்காருவாளா? நாலாம் நாளே சேர்ல இருந்து எறங்கி ஆட்டுக்குட்டி பின்னால ஓடுனா, சாக்கடையில ஒரு கால விட்டா, சாக்ஸு போச்சு, கவுனு போச்சு, சாந்தாமணி தலைக்குத் தண்ணி ஊத்தி, மோகனாவோட பழைய பாவாடையக் குறுக்கித் தெச்சுப் போட்டு விட்டா, அதுக்கப்புறம் சாம்பிள்னு சொல்ல எனக்கே வாய் வரல.

மோகனாவுக்கு மொதல்ல சந்தோசம். வீட்டுக்குள்ளயே ஒரு ஜெர்மன்காரி இருக்கறா, பேசிப் பேசியே பாஷ வந்துரும்னு நெனச்சா. அவ கிளாசுல கூடப் படிக்கற நர்ஸம்மாங்களும் இன்ஜினியர் பசங்களும் நோட்ட எடுத்துக்கிட்டு வந்து ஹன்னாவச் சுத்தி உக்காந்து, அவ ஆட்டுக்குட்டிகிட்டப் பேசறதையெல்லாம் எழுதிக்கிட்டாங்க. ஒரு நாள் எட்வின் சாரே வந்தாரு, அவருதான் வாத்தியாரு, ஜெர்மனிய அவரும் படத்துலதான் பாத்திருக்காரு. தொண்டையச் செருமிக்கிட்டு ஹன்னாகிட்ட என்னமோ கேட்டாரு. அவ கையக் கால ஆட்டி அஞ்சு நிமிசம் பதில் சொன்னா. சாரு கர்ச்சீப்புல மொகத்தத் தொடச்சுக்கிட்டு, “அது கிராமத்துப் பேச்சு, பரீட்சைக்கு வராது”ன்னு சொல்லிட்டு காப்பி கூடக் குடிக்காமப் போயிட்டாரு.

ஆனா ஒரு மாசத்துல நெலம தலகீழாப் போச்சு. ஹன்னாவுக்கு ஜெர்மன் பேச ஆளில்ல, வீதி முச்சூடும் வேற பேச்சு, அவ கப்புன்னு புடிச்சுக்கிட்டா. “ஏனுங் பூங்கோதத்தே, சோறுண்டாச்சுங்களா?”ன்னு இடுப்புல கைய வெச்சுக்கிட்டு என்ற வாசல்ல வந்து கேப்பா. மோகனா ஜெர்மன்ல ஒண்ணு கேட்டா, இவ தமிழ்ல பதில் சொல்லுவா. பொறவு பதிலே சொல்லாம ஓடிருவா. பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம், மோகனா செவுத்தப் பாத்து ஒப்பிக்க ஆரம்பிச்சா, செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்குப் பாவமா இருந்துச்சு.

வாரா வாரம் ஞாயித்துக்கெழமை காத்ரின் கூப்புடுவாங்க. இங்க ஒருத்தி இருக்கறதப் பாத்தா அவங்க பயந்துருவாங்கன்னு, அந்த நேரத்துக்கு ஹன்னாவ என்ற வீட்டுல அடைச்சு வெச்சு, முறுக்கு குடுத்து, வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கறது என்ற வேலை. அந்தப் பக்கத்து ஹன்னா சாப்புடவே மாட்டேங்கறா, வயிறு நெறஞ்சிருக்குதுன்னு சொல்றா, ஆனா எடை ஏறுது, ஒண்ணும் புரியலன்னு காத்ரின் சொல்லுவாங்களாமா. எங்களுக்கு அது புரிஞ்சுது, எங்களுக்குப் புரியாதது வேற. எது நெசமான ஹன்னா, அங்க இருக்கறதா, இங்க இருக்கறதா? சோறு இங்க திங்கறா, எடை அங்கயும் ஏறுது. இங்க முட்டியில சிராய்ச்சா அங்கயும் பிளாஸ்திரி ஒட்டியிருக்குது. ரோசன பண்ணிப் பண்ணித் தல கிறுகிறுத்து, பொறவு நாங்க அத நிறுத்திக்கிட்டோம், வேலைக்குப் போகோணுமில்ல.

அப்பத்தான் சாந்தாமணி ஒரு நாள் சாயங்காலம், தலைய மகளுக்குக் குடுத்துக்கிட்டு, யாரையும் பாக்காமச் சொன்னா: “ஏங் கண்ணு, அங்க போயி நீ என்ன பண்ணப் போறே? இந்தக் கொழந்தையத்தான பாத்துக்கப் போறே? கொழந்ததான் இங்கயே வந்துருச்சே. இங்கயே பாத்துக்க.”

மோகனா கை நின்னு போச்சு. “அம்மா, அப்படி இல்லம்மா.”

“எப்படி இல்ல? சொல்லு.”

மோகனாவுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல. வீதியில ஒருத்தருக்கும் தெரியல, ஏன்னா கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. வேலையே வீடு தேடி வந்துட்டா, வேலையத் தேடி எதுக்குப் போகோணும்? அவ பெட்டி மேல எழுதுன ஊரப் பாக்கோணும்னு போறா, கொழந்த அதுக்கு ஒரு வழிதான்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரியுது, அன்னைக்குத் தெரியல. சாந்தாமணிய நான் கூர்ந்து பாத்தேன். பதினெட்டு வருசம் துணியப் பாத்த கண்ணுக்கு, எந்த நூலு எங்க புடிச்சு இழுக்குதுன்னு தெரியாமப் போகுமா? ஹன்னாவ நிறுத்திக்கிட்டா மோகனா நிப்பான்னு அவ கணக்குப் போட்டுட்டா.

கார்த்திகையில ஒரு வெள்ளிக்கெழமை மோகனாவுக்குக் கோயமுத்தூர்ல பரீட்சை. விடியறதுக்கு முன்னால பஸ்ஸேறிப் போனா. அவ போயி ஒரு மணி நேரத்துல வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. பச்சநாச்சியம்மன் கோயிலுக்கு, அது சாந்தாமணி வீட்டுக் கொலதெய்வம், ஹன்னாவுக்கு மொட்ட போட்டுக் காது குத்தன்னு வீதிக்கே அழைப்பு. அரவக்குறிச்சியில இருந்து அவ தம்பி கந்தசாமி, தாய்மாமன் மொறைக்கு, புதுத் துணியோட வந்து நின்னான். தாய்மாமன் மடியில உக்கார வெச்சு மொட்ட போட்டா அந்தக் கொழந்த யாரு புள்ளையாகும்னு எங்க சனத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நான் அடிச்சு அடிச்சுச் சொன்னேன், சாந்தாமணி, சாம்பிள்ல கை வைக்காத, அடுத்தவங்க சாமான், அவங்க திருப்பிக் கேட்டா நீ என்னத்தக் குடுப்பேன்னு சொன்னேன். சொல்லிட்டு நானும் வேன்ல ஏறி உக்காந்துக்கிட்டேன். கெடா வெட்டு இருந்துச்சு, பொய் எதுக்குச் சொல்லோணும்?

ஹன்னா அழவே இல்ல. கந்தசாமி மடியில உக்காந்து, செம்பட்ட முடி கொத்துக் கொத்தா விழறத வேடிக்க பாத்தா. காது குத்தறப்ப மட்டும் “அம்மா”ன்னா, சாந்தாமணியப் பாத்து. சாந்தாமணி மொகத்துல அப்ப வந்த சந்தோசத்த நான் அதுக்கு முன்னால ஒரு தடவதான் பாத்திருக்கறேன், மோகனா பொறந்தப்ப.

சாயங்காலம் மோகனா வந்தா. வாசல்ல சந்தனத் தலையோட, காதுல பொட்டுத் தங்கத்தோட ஹன்னா நின்னுக்கிட்டு, “அக்கா, கறிச்சோறு இருக்குது”ன்னா. மோகனா செருப்பக் கூடக் கழட்டாம அப்படியே படியில உக்காந்துட்டா. அவ கத்தியிருந்தா எங்களுக்கு நல்லா இருந்திருக்கும். கத்தல, கேக்கல. ராத்திரி சாந்தாமணி தலையில நூலு எடுக்கவும் அவ உக்காரல.

ஞாயித்துக்கெழமை வந்துச்சு. போன அடிக்க வேண்டாம்னு சாந்தாமணி சொன்னா, ஆனா அந்தப் பக்கத்துல இருந்து அவங்களே அடிச்சாங்க. காத்ரின் கண்ணு வீங்கியிருந்துச்சு. மடியில ஹன்னா, மொட்டத் தல, காதுல எங்க ஊருத் தங்கம். வெள்ளிக்கெழமை காலையில எந்திரிச்சுப் பாத்தா இப்படி இருந்தா, டாக்டர் பாத்துட்டு ஒண்ணும் இல்லைங்கறாரு, எனக்குப் பயமா இருக்குது, அவ என்னப் பாக்கவே மாட்டேங்கறா, நான் கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கறான்னு சொன்னாங்க. மோகனா எங்களுக்காகத் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தா.

அன்னைக்கு ஹன்னா என்ற கைய உருவிக்கிட்டு ஓடிட்டா, அது என்ற தப்பு. ஓடி வந்து சாந்தாமணி முந்தானையப் புடிச்சா. “அம்மா”ன்னா. போனுக்குள்ள, காத்ரின் மடியில உக்காந்திருந்த ஹன்னாவும் அதே நேரத்துல, அதே வாயோட, “அம்மா”ன்னா. ரெண்டு பேரும் பாத்தது சாந்தாமணிய.

சாந்தாமணி பழக்கத்துல, “என்ன கண்ணு”ன்னுட்டா.

காத்ரின் போனுக்கு வெகு பக்கத்துல வந்து சாந்தாமணியப் பாத்தாங்க, அவ முந்தானையப் புடிச்சிருந்த கையப் பாத்தாங்க, மறுபடியும் சாந்தாமணியப் பாத்தாங்க. போலீசக் கூப்புடுவாங்க, கத்துவாங்க, மோகனாவோட பயணம் இதோட முடிஞ்சுதுன்னு நான் நெனச்சேன். அவங்க மெதுவா ஒண்ணு கேட்டாங்க.

மோகனா தமிழ்ல சொன்னா: “அம்மா, அவ இங்க நல்லாச் சாப்புடறாளான்னு கேக்கறாங்க.”

சாந்தாமணி, “ஏழு பணியாரம் சாப்புடறான்னு சொல்லு”ன்னா. சொல்லிட்டு சமையக்கட்டுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டு அழுதா. ஒத்தச் செவுரு, வீதிக்கே கேட்டுச்சு. நானும் அழுதேன், மொட்ட போட்ட அன்னைக்குக் கறிச்சோறு தின்ன வாயால என்ன சமாதானம் சொல்றதுன்னு தெரியாம.

வெளிய வந்ததும் மகளப் பாத்து ஒரே வார்த்த சொன்னா. “கொண்டு போயிக் குடுத்துரு.”

“அம்மா, நான் போனா ஒரு வருசம்...”

“தெரியும். நீ போனாத்தான அவளும் போவா. அவள நிறுத்துனா நீ நிப்பேன்னு நெனச்சேன் கண்ணு. அந்தப் பொம்பளைக்கும் பெத்த வயிறுதான.”

வந்த வழியிலயே போகட்டும்னு மொதல்ல பாத்தோம். ஹன்னாவப் போன் முன்னால உக்கார வெச்சோம், சாய்னு சொன்னோம், அவளும் சாஞ்சு சாஞ்சு பாத்தா, கண்ணாடியில மூக்கு எண்ணெய் ஒட்டுனதுதான் மிச்சம். “எப்படிப் போவா? பணியாரம் இந்தப் பக்கம்தான இருக்குது”ன்னு சாந்தாமணி தனக்குத்தானே சொல்லிக்கிட்டா. அத நான் அப்பக் காதுல வாங்கல.

மோகனா அறுவத்தி ஒண்ணு மார்க்கு எடுத்திருந்தா, பாஸுக்கு அறுவதே போதும். விசா வந்து அவ கெளம்பறதுக்குத் தை மாசம் பொறந்துருச்சு. தொரசாமி வாயத் தெறக்காம, அவ பெட்டி மேல பஸ்ஸுக்கு எழுதற மாதிரி சாயம் போட்டு அவ பேரையும், கீழ பிரேமன்னும் எழுதிக் குடுத்தாரு. பெட்டிக்குள்ள சாந்தாமணி பணியாரக்கல்ல வெச்சா. இரும்பு, கனமா இருக்கும், வேண்டாம்மான்னு மோகனா எடுத்து வெளிய வெச்சா. இவ மறுபடி உள்ள வெச்சா. மூணு தடவ இப்படி நடந்துச்சு. “வாராவாரம் ஞாயித்துக்கெழமை, போன் பேசறப்பச் சுடு, எனக்குத் தெரியறாப்பல சுடு”ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு வேன் வெச்சுப் போனோம். ஹன்னாவுக்கு டிக்கெட் இல்ல, பாஸ்போர்ட் இல்ல, என்ன ஆகுமோன்னு எனக்குப் பயம். வாசல்ல நின்ன போலீஸ்காரரு மோகனாவோட காயிதத்தப் பாத்தாரு, ஹன்னாவோட கன்னத்தக் கிள்ளுனாரு, போங்கன்னுட்டாரு. காயிதத்துல பேரே இல்லாத ஆள எதுல சேக்கறதுன்னு அவருக்கும் கொழப்பமா இருந்திருக்கும். ஹன்னா திரும்பித் திரும்பி டாட்டா காட்டுனா, மோகனா திரும்பவே இல்ல, திரும்புனா போக மாட்டேன்னு முன்னாலயே என்கிட்டச் சொல்லியிருந்தா. அங்க போயி எறங்குனதும் காத்ரின் கதவத் தெறந்தாங்களாமா, அவங்க பின்னால ஒரு ஹன்னா நின்னாளாமா, மோகனா கையப் புடிச்சிருந்த ஹன்னா கைய விட்டுட்டு ஓடுனாளாமா, அவ்வளவுதான், பொறவு எண்ணிப் பாத்தா ஒருத்திதான் இருந்தாளாமா. இத மோகனா போன்ல சொன்னா, சாந்தாமணி “சரி”ன்னா.

அந்த வாரம் ஒரு அவசர ஆர்டர், செவப்புக் கட்டம் போட்ட மேஜை விரிப்பு ஒரு பெரிய லாட்டு, ஞாயித்துக்கெழமையும் மெஷின் ஓடுச்சு. சாந்தாமணி குனிஞ்ச தல நிமிராமத் தெச்சா, நான் எதுக்கால உக்காந்து பிசிறு வெட்டுனேன், அவ முடியில ஆறு நாள் நூலு அப்படியே இருந்துச்சு, நான் எடுக்கட்டுமான்னு கேட்டா வேண்டாம்னுட்டா. அந்த ஞாயித்துக்கெழமை சாயங்காலம் என்னையும் கூட வரச் சொன்னா. வீட்டுக்குப் போயி மொகங்கழுவி, நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, போன அதே சொம்புல சாய்ச்சு வெச்சுட்டு, அதே பாய்ல உக்காந்தா. பக்கத்துல ஒரு வயர்க் கூடை, அதுக்குள்ள ரெண்டு மாத்துச் சேல, ஒரு சோப்பு. எதுக்குடி கூடைன்னு நான் கேக்கல. என்ற கண்ணு பாத்துச்சு, புத்திக்குத் தாமசமாத்தான் எட்டுச்சு.

போன்ல மொதல்ல காத்ரின் வந்தாங்க. சாந்தாமணி நிமிந்து உக்காந்து, “இஷ் ஹைஸெ சாந்தாமணி”ன்னா. நாப்பது நாப்பது தடவயாக் கேட்டத ஒரு எழுத்து பெசகாம, வயசு என்ன, ஊரு எது, வீட்டுல எத்தன பேரு, என்ன சமைக்கத் தெரியும்னு எல்லாத்தையும் சொல்லி முடிச்சா. காத்ரின் கையத் தட்டுனாங்க. ஹன்னாவுக்கு முடி முள்ளு முள்ளா மொளச்சிருந்துச்சு. அவ சாந்தாமணிய உத்துப் பாத்துட்டு, மோகனா பக்கம் திரும்பி ஜெர்மன்ல ஒண்ணு கேட்டா. “என்ன கேக்கறா?”ன்னா சாந்தாமணி. மோகனா தயங்கித் தயங்கி, “யாரு அதுன்னு கேக்கறாம்மா. வந்த நாள்ல இருந்து இங்கத்த பேச்சுத்தான் பேசறா, அங்க இருந்தது அவளுக்கு நெனப்பு இல்ல”ன்னா. சாந்தாமணி தலைய ஆட்டிக்கிட்டா. “நல்லது கண்ணு. கல்லு காஞ்சிருச்சா பாரு”ன்னா.

மோகனா மூடியத் தெறந்தா. அங்க ஆவி எந்திரிச்சுது.

சாந்தாமணி கூடைய எடுத்து மடியில வெச்சுக்கிட்டு முன்னால சாஞ்சா. இன்னுங் கொஞ்சம் சாஞ்சா. மூக்கு கண்ணாடியத் தொட்டுது, பொறவு நெத்தி தொட்டுது. டொக்குன்னு ஒரு சத்தம். சொம்பு சாஞ்சு போன் கீழ விழுந்துச்சு.

நான் எடுத்து நிமித்தி வெச்சேன். “என்னம்மா ஆச்சு?”ன்னு மோகனா கேட்டா. “கொசு”ன்னு சாந்தாமணி நெத்தியத் தேச்சுக்கிட்டா. அவ என்னப் பாக்கல, நானும் அவளப் பாக்கல. மோகனாவுக்கு அந்தக் கூடை தெரிஞ்சிருக்கும், அவ கையில கரண்டியோட நின்ன எடத்துலயே நின்னா. பணியாரம் தீயற வாசம் எங்களுக்கு வராதுன்னாலும் புகை தெரிஞ்சுது.

அப்ப ஹன்னா ஒரு ஸ்டூல் மேல ஏறி, மோகனாவோட முன்னந்தலைக்குக் கைய நீட்டி, எதையோ புடிச்சு இழுத்து, வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனா. நூலு. செவப்பு நூலு, ஒரு வெரல் நீளம், நுனியில முறுக்குப் பிரிஞ்சது. அந்த வீட்டுல செவப்புல ஒரு துணி இல்லைன்னு பொறவு மோகனா சத்தியம் பண்ணுனா, நான் கேக்கவே இல்ல, அன்னைக்கு ஓடுன லாட்டு எனக்குத் தெரியாதா? வெட்ட வேண்டிய பிசிறு அது, என்ற கைக்குத் தப்புனது. ஹன்னா இன்னொண்ணு எடுத்தா. பொறவு இன்னொண்ணு.

சாந்தாமணி கையத் தூக்கித் தன்ற முடியத் தடவிப் பாத்தா, கண்ணாடியில பட்ட முன்னந்தலையில நூலு கொறஞ்சிருந்துச்சு. தலைய மறுபடி போனுக்குக் கிட்டக் கொண்டு போயி, தெனமும் உக்காரற மாதிரி கொஞ்சம் குனிஞ்சு உக்காந்துக்கிட்டா.

“நாளைக்கும் அதே லாட்டுத்தான் கண்ணு”ன்னா.